1704 புதுச்சேரி ஆணை: ஒரு பெண் வாசிப்பு

மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோவிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் தடுக்கக் கூடாது என்று 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஓர் ஆணை எழுதப்பட்டது. சபரிமலைக்குள் 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்களைத் தடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பரில். இரண்டுக்கும் இடையே 314 ஆண்டுகள். மாணவிகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லும்போது, 'அப்படியானால் கிறித்தவப் பெண்களுக்கு அந்தப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிட்டதா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தீரவில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எனக்குத் தெரிந்த கத்தோலிக்கப் பெண்களில் பலர் அந்த நாட்களில் இன்றும் நன்மை வாங்கப் போவதில்லை. பெண்ணுக்குச் சாதகமாக ஒரு மதத் தலைவர் போட்ட சட்டம், அந்தச் சட்டம் பிறந்த ஊரிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பெண்ணை முந்நூறு ஆண்டுகளாகியும் ஏன் வந்து சேரவில்லை? இந்தக் கேள்வியோடுதான் நான் அந்த ஆணையை வாசிக்கிறேன்.

ஆணையைப் போட்டவர் சார்ல்ஸ் தாமஸ் மயார் த தூர்னோன். இத்தாலியின் துரின் நகரில் 1668இல் பிறந்தவர். பாப்பரசர் 11ஆம் கிளமெந்தின் தூதராகச் சீனாவுக்குப் போகிற வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். இங்கே தமிழ்க் கிறித்தவர்களை யார் நடத்துவது, எப்படி நடத்துவது என்பதில் சேசு சபைக் குருக்களுக்கும் கப்புச்சின் குருக்களுக்கும் தகராறு முற்றியிருந்தது. சேசு சபையினர் உள்நாட்டு மக்களைக் கவர்வதற்காகச் சாதிப் பழக்கங்களையும் சடங்குகளையும் விட்டுப்பிடிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 'மலபார் சடங்குகள்' விவகாரம் என்று சபை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. அன்றைய ஐரோப்பியர் தமிழர்களைத்தான் 'மலபார்' என்று அழைத்தார்கள். தூர்னோன் நோய்வாய்ப்பட்டு எட்டு மாதம் புதுச்சேரியிலேயே தங்கினார். உள்நாட்டுக் கிராமங்களுக்கு அவர் போகவில்லை. சேசு சபையின் பூஷே, பெர்த்தோல்தி ஆகிய இருவரிடமிருந்து விவரங்களைக் கேட்டுப் பெற்றார். 1704 ஜூன் 23 தேதியிட்டு, 16 கூறுகள் கொண்ட ஆணையை இலத்தீனில் எழுதி, ஜூலை 8இல் வெளியிட்டார். மூன்று நாளில் கப்பலேறிவிட்டார். 1710இல் மக்காவில் காவலில் இருந்தபடியே இறந்தார்.

இந்த ஆணையைச் சபை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குருக்களுக்கு இடையே நடந்த சண்டையாகவே எழுதுகிறார்கள். மதமா பண்பாடா, உரோமையா மதுரையா என்பதே அவர்கள் விவாதம். ஆனால் அதன் கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவற்றில் கணிசமானவை பெண்ணைப் பற்றியவை என்பது தெரிகிறது. மாதவிலக்குப் பெண்களைத் தடுக்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சடங்கு கூடாது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தாலி கட்டி அதை முறிக்க முடியாத திருமணமாகக் கருதும் பழக்கத்தை ஏற்கக் கூடாது. தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கக் கூடாது, 108 இழையில் மஞ்சள் தோய்த்த கயிறும் கூடாது. திருமணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. இத்தனையும் பெண்ணின் உடல் மீதோ, பெண்ணின் கழுத்து மீதோ, பெண்ணைக் கொடுத்து வாங்கும் நிகழ்ச்சி மீதோ எழுதப்பட்டவை. இரண்டு மதங்களுக்கு நடுவே எல்லைக்கோடு போட வேண்டி வந்தபோது அந்தக் கோட்டைப் பெண்ணின் உடல்மேல் போட்டிருக்கிறார்கள்.

ஆணையில் நல்லது இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆறு வயதுப் பெண்குழந்தைக்குச் சம்மதம் சொல்லும் பக்குவம் இல்லை, சம்மதம் இல்லாமல் திருமணம் இல்லை என்று 1704இல் எழுதியது சிறிய காரியம் அல்ல. அன்றைய திருச்சபைச் சட்டம் பெண்ணுக்கு வைத்த வயது வெறும் 12தான் என்றாலும், சம்மதம் என்ற சொல் அதில் இருந்தது. மாதவிலக்கு பற்றிய கூறும் அப்படித்தான். பெண்ணின் இயல்பான உடல்நிலை கடவுளுக்கு முன் குற்றமாகாது என்பதை அது ஏற்கிறது.

ஆனால் ஏற்பதற்கு அது சொல்லும் காரணம் என்ன? தீட்டு என்ற எண்ணம் பெண்ணை இழிவுபடுத்துகிறது என்பதல்ல, அது அஞ்ஞானிகளின் பழக்கம் என்பதே. தாலி பற்றிய கூறிலும் இதே போக்கு. தாலியில் யாருடைய உருவம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை ஏன் பெண் மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது கேள்வியே அல்ல. பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது. கயிறு அவள் கழுத்திலேயே இருந்தது. எங்கள் பக்கத்துக் கிறித்தவக் கல்யாணங்களில் சிலுவை பொறித்த தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டுவதை இன்றும் பார்க்கலாம். அதாவது ஆணை தடுத்த மஞ்சளும் இருக்கிறது, ஆணை வைக்கச் சொன்ன சிலுவையும் இருக்கிறது. இரண்டையும் சுமப்பவள் ஒருத்திதான்.

யாரை நோக்கி இந்த ஆணை பேசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெண்ணே, நீ வரலாம் என்று அது ஓரிடத்திலும் சொல்லவில்லை. பெண்களைத் தடுக்காதீர்கள் என்று குருக்களிடம் சொல்கிறது. தடுப்பவர் ஆண், தடுக்காதே என்பவர் ஆண், தடுத்தாரா என்று விசாரிக்கப்போகிறவரும் ஆண். பெண் இதில் செயப்படுபொருளாக மட்டுமே வருகிறாள். எட்டு மாதத்தில் தூர்னோன் விசாரித்தது இரண்டு குருக்களை. தீட்டென்று ஒதுங்கிய ஒரு பெண்ணும் அந்த விசாரணையில் இல்லை.

தூர்னோன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவுமில்லை. மாதவிலக்குப் பெண் கோவிலுக்கு வரலாமா என்ற கேள்வி கிறித்தவத்துக்குள்ளேயே பழையது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் வரக் கூடாது என்றார். ஆறாம் நூற்றாண்டின் முடிவில் பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார், இங்கிலாந்துக்கு அனுப்பிய குரு கேட்ட கேள்விக்கு, தடுக்கக் கூடாது என்று பதில் எழுதியதாக பேடு தன் வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார். அதே பதிலில் இன்னொன்றும் இருக்கிறது. பயபக்தியினால் அவளாகவே நன்மை வாங்காமல் ஒதுங்கிக்கொண்டால் அது மெச்சத்தக்கது என்கிறார் கிரகோரியார்.

என் கேள்விக்கான விடையில் பாதி இங்கே கிடைக்கிறது. தடுப்பது தவறு, ஆனால் தானே ஒதுங்குவது மேன்மை. சட்டம் எடுத்துவிட்ட வேலியைப் பாராட்டு திரும்பக் கட்டிவிடுகிறது. நான் பேசிய பெண்களில் ஒருவர்கூடத் தன்னைச் சாமியார் தடுத்ததாகச் சொல்லவில்லை. 'யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, நமக்கே மனசு ஒப்பல' என்றார் வில்லியனூர் பக்கத்து அக்கா ஒருவர். ஈஸ்டருக்குப் பிறகு நடக்கும் லூர்து மாதா திருவிழாவில் தேர் வரும்போதுகூடத் தூரமாக நின்று கும்பிட்டதை அவர் பெருமையாகவே சொன்னார். மாதா குளத்துத் தண்ணீரை அந்த நாட்களில் தொடமாட்டேன் என்றார் இன்னொருவர். இது அவர்கள் அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒதுங்கி நிற்பவளை நல்ல பெண் என்று வீடும் தெருவும் கோவிலும் சேர்ந்து சொல்லித்தரும்போது, தடை என்று ஒன்று எதற்கு?

சபை தன் சொந்தச் சடங்குகளில் என்ன செய்தது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண் மெழுகுவர்த்தியோடு கோவில் வாசலில் காத்திருக்க, குரு வந்து அவளை மந்திரித்து உள்ளே அழைத்துப்போகும் சடங்கு உரோமைச் சடங்கு நூலிலேயே இருந்தது. அது நன்றி கூறும் சடங்குதான், தீட்டுக் கழிப்பு அல்ல என்று விளக்கம் தந்தார்கள். சரி, நன்றி கூறத் தாய் மட்டும் ஏன் வாசலில் நிற்க வேண்டும்? தமிழச்சியின் தீட்டை மூடநம்பிக்கை என்று கண்டவர்களின் கண்ணில் தங்கள் வாசற்படி படவில்லை.

விடையின் மறுபாதி சாதியில் இருக்கிறது. தூர்னோன் ஆணையில் இன்னொரு கூறு, நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குக் குருக்கள் நேரில் போய்த் திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றது. சாதிக்காரர்கள் தங்களை விட்டு விலகிவிடுவார்கள் என்று அஞ்சிச் சேரிக்குள் போகாமல் இருந்தவர்களுக்கு இடப்பட்ட கட்டளை இது. இந்தக் கூறுதான் சேசு சபையினருக்கு மிகவும் கசந்தவற்றில் ஒன்று. உரோமைக்கு முறையீடுகள் போயின. வழக்கு 40 ஆண்டு நீண்டது. 1744 செப்டம்பரில் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பாக ஒரு பெரிய ஆணையை வெளியிட்டார். தூர்னோன் சொன்னவற்றை உறுதிசெய்தார். ஆனால் பறையர்கள் விஷயத்தில் ஒரு வழியையும் ஏற்றுக்கொண்டார்: மேல்சாதிக்குத் தனிக் குருக்கள், பறையர்களுக்குத் தனிக் குருக்கள். சீர்திருத்தம் சாதியின் முன் வந்ததும் பாதை பிரித்துக் கொடுத்துவிட்டது.

ஆணையில் 'பெண்கள்' என்று வருகிற சொல்லை இதன் பிறகு முன்போல வாசிக்க முடியவில்லை. கோவில் கதவு மாதவிலக்குப் பெண்ணுக்குத் திறந்தது என்றால் எந்தப் பெண்ணுக்கு? சேரிப் பெண்ணுக்கு மாதத்தில் மூன்று நாள் அல்ல, முப்பது நாளும் தீட்டு. புதுச்சேரி சம்பா கோவிலில் சாதிக் கிறித்தவர்களையும் பறையர்களையும் பிரிக்க ஒரு சுவரே இருந்தது. தூர்னோன் புதுச்சேரியிலேயே எட்டு மாதம் இருந்துவிட்டுப் போனார். 1745இலும் அங்கே சுவர் நின்றது.

அந்தச் சுவர் 1745 அக்டோபரில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சேரி மக்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் இடிக்கச் சொன்னார். எல்லோரும் கலந்து நின்று பூசை கேட்டார்கள். இந்த வரலாற்றில் பாதிக்கப்பட்டவர்களே வாய்திறந்து கேட்டுப் பெற்ற முதல் காரியமாக நான் இதைப் பார்க்கிறேன். முந்திய ஆண்டு உரோமையிலிருந்து வந்த தீர்ப்பு குருக்களைப் பிரித்தது. இவர்கள் போய்க் கேட்டபோது சுவர் விழுந்தது.

பிள்ளையின் குறிப்பு அதோடு நிற்கவில்லை. துபாஷ் கனகராய முதலியின் சுற்றத்தைச் சேர்ந்த ஒரு பெண் மெல்லிய துணி உடுத்தி, நகையணிந்து, வாசனை பூசிக்கொண்டு கோவிலுக்கு வந்திருக்கிறாள். குரு மூக்கைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த பிரம்பால் அவளைக் குத்தி, நீ குடும்பப் பெண்ணா தாசியா, உன் புருஷனுக்கு வெட்கமில்லையா என்ற பொருளில் எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறார். இப்படி உடுத்திக்கொண்டு கோவிலுக்கு வரக் கூடாது என்ற கட்டளையும் பிறந்தது. சுவர் இடிபட்ட செய்தியைச் சாதி ஒழிப்பு வரலாறு எழுதுபவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். பிரம்பு பட்ட பெண்ணை விட்டுவிடுகிறார்கள். பிள்ளையோ இரண்டையும் ஒரே விவகாரமாகத்தான் எழுதினார். சாதிச் சுவரை அகற்றிய அதே அதிகாரத்துக்குப் பெண்ணின் துணி கண்ணை உறுத்துகிறது. அவள் பணக்காரி, சாதிக்காரி, சேரிப் பெண்ணோடு சேர்ந்து நிற்க அவளுக்கும் பிடித்திருக்காது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தப் பிரம்பை என்னால் சீர்திருத்தத்தின் கணக்கில் சேர்க்க முடியவில்லை. சேரிப் பெண்ணையும் இவளையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இருவரில் யாரை உள்ளே விடலாம் என்று முடிவுசெய்யும் இடத்தில் குரு நிற்கிறார்.

வயதுக்கு வந்த சடங்கைத் தடுத்த கூறு என்ன ஆனது? பாகூர் பக்கத்தில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைக்கிற பேனர்களில் முருகன் இருக்கும் இடத்தில் மாதா படம் இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவருகிறார், சீர்வரிசைத் தட்டு வருகிறது, சில ஊர்களில் காலையில் கோவிலில் நன்றிப் பூசையும் உண்டு. இந்தச் சடங்கு பெண்ணின் கருப்பையை ஊருக்கு அறிவிக்கிற விளம்பரம் என்று பெண்ணியவாதிகள் சொல்லி வருகிறோம். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் தூர்னோன் ஏன் தோற்றார் என்று யோசித்தால் ஒன்று தெரிகிறது. பிறந்த வீட்டிலிருந்து தாய்க்கு உரிமையோடு ஏதாவது வந்து சேர்கிற நாட்கள் மிகக் குறைவு. நிலத்தில் பங்கு கிடைக்காதவளுக்கு அண்ணன் கொண்டுவரும் சீர்தான் பங்கு. உழைப்பிலிருந்து அந்தப் பெண்பிள்ளைக்குச் சில நாள் ஓய்வு, நல்ல சாப்பாடு, புட்டும் உளுந்தங்களியும் கிடைப்பதும் அப்போதுதான். இதையெல்லாம் கேட்டறியாமல் சடங்கை மட்டும் தடுத்தால் தடுப்பவரின் சொல் எடுபடாது. சடங்கு போக வேண்டுமென்றால் சொத்தும் ஓய்வும் சோறும் அது இல்லாமலே அவளுக்குக் கிடைக்க வேண்டும். இலத்தீனில் எழுதிய 16 கூறுகளில் அதற்கு இடமிருக்கவில்லை.

மலபார் சடங்குகளுக்கு எதிராகக் குருக்கள் எடுக்க வேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940இல் நீக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் இந்தியப் பண்பாட்டுமயமாக்கலுக்கான 12 அம்சங்களை உரோமை ஏற்றது. ஆரத்தி வந்தது, குத்துவிளக்கு வந்தது, தரையில் அமர்ந்து பூசை செய்வது வந்தது. எதைப் பண்பாடு என்று கொள்வது என்பதை இம்முறையும் குருக்களும் ஆயர்களும்தான் தீர்மானித்தார்கள். திரும்ப வந்தது மேல்சாதிப் பண்பாடு என்று தலித் இறையியலாளர்கள் எழுதினார்கள். ஆரத்தித் தட்டைப் பெண்கள் கையில் கொடுத்தார்கள் என்பதையும் நான் அதோடு சேர்த்துக்கொள்கிறேன். பெரிய வியாழன் அன்று கால் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் மாற்றினார். 2021இல் வாசகர், பீடத்துணைவர் பணிகளை முறைப்படி பெண்களுக்கும் திறந்தார். நல்ல மாற்றங்கள். ஆனால் 'சேர்க்கலாம்' என்ற சொல் பங்குத்தந்தையை நோக்கிச் சொல்லப்பட்டது. அவர் சேர்க்காவிட்டால் அந்தப் பெண் எங்கே போய்க் கேட்பது? 1704இன் வாக்கிய அமைப்பு இன்னும் மாறவில்லை.

முந்நூறு ஆண்டு பழைய ஆணையை இன்றைய பெண்ணியக் கண்ணால் அளப்பது நியாயமா என்று கேட்கலாம். தூர்னோன் பெண்ணியவாதியாக இருந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காலத்திலேயே, நாற்பது ஆண்டு இடைவெளியில், சேரி மக்கள் நேரில் போய்க் கேட்டார்கள் என்பதைத்தான் அவர் ஆணைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கேட்பது அந்தக் காலத்துக்குத் தெரியாத காரியம் அல்ல. அவர்கள் பெற்றதும் முழுமையாக நிலைக்கவில்லை. இதே புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் எறையூர் தலித் கத்தோலிக்கர்கள் 2008இலும் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் மறுபடி கேட்டார்கள். ஏனென்றால் அந்தக் கோரிக்கை அவர்களுடையது. தூர்னோனின் கூறை மறுபடி கேட்க யாருமில்லை. அப்படி ஒன்று தங்களுக்காக எழுதப்பட்டதே எங்கள் பெண்களுக்குத் தெரியாது.

1844இல் புதுச்சேரியில் துய்ப்புயி அடிகளார் பெண்கல்விக்கென்று தொடங்கிய மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கு கன்னியர் சபையிலிருந்து கணக்கிட்டால், இங்கே பெண்கள் எழுத்தறிந்து நூற்றெண்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்பியக் கூட்டங்களை நடத்துவது பெண்கள். ஞாயிறு வாசகம் வாசிப்பது பெரும்பாலும் பெண்கள். மரியாயின் சேனையில் வீடுவீடாகப் போவதும் பெண்கள். 1704 ஆணையைத் தமிழில் அவர்கள் கையில் கொடுத்து, உங்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்கள், இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தில் நான் இதைப் பேசியபோது பாகூர்ப் பக்கத்து இளம்பெண் ஒருவர் கேட்டார்: 'தடுக்கக் கூடாதுன்னு அவங்களுக்குச் சொல்லிட்டாங்க சரி. போகலாம்னு எங்கிட்ட யார் சொல்லணும்?' பக்கத்திலிருந்த அவருடைய சித்தி, 'யாரும் சொல்ல வேணாம், வர்ற ஞாயித்துக்கிழமை எங்கூட வா' என்றார்.